முதல் மாடிக்கு ஏறக் கூடாது

சங்கரா மீன் எங்கள் வீட்டுக் கம்பிக்குள் நுழையும். நெத்திலி, மத்தி, காரப்பொடி எல்லாம் நுழையும். கொடுவா வாங்குகிற அன்றைக்குத்தான் சிக்கல். மீன்கார அக்கா படியிலேயே உட்கார்ந்து நறுக்கி, ஒவ்வொரு துண்டாகக் கம்பி இடுக்கு வழியே நீட்டுவார். நான் உள்பக்கம் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

புதுச்சேரி மூலக்குளத்தில் எங்களுடையது மாடி வீடு. கீழே மாமியார். மேலே என் கணவர், நான், பாப்பா. வெளிப்பக்கமாக ஏறுகிற படிக்கட்டு. படி முடிகிற இடத்தில் ஒரு கிரில் கேட். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தபோது அவர் அந்தக் கேட்டுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கி வந்தார். முதல் மூன்று மாதம் நான்தான் உள்ளேயிருந்து பூட்டிக்கொள்வேன். சாவி என்னிடம் இருக்கும்.

ஒருநாள் அவரிடம் சொல்லாமல் வில்லியனூரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அம்மா இறந்த நாள், கல்லறைக்குப் போக வேண்டும் என்று அண்ணி காலையில்தான் கூப்பிட்டாள். மாலைக்குள் திரும்பிவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும் கேட்டில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. நான் உள்ளே இருப்பதை மறந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன்.

"என்னங்க, நான் உள்ள இருக்கேன்."

அவர் மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

என்னிடம் இருந்த சாவியையும் அவர் எடுத்துப் போயிருந்தார். அப்படித் தொடங்கியது, ஏறக்குறைய இரண்டு வருஷம் நடந்தது. காலை எட்டு மணிக்குப் பாப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பூட்டுவார். நாலு மணிக்கு ஸ்கூல் வேன் வந்ததும் மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வருவார். இடுப்பில் செருகியிருக்கும் இன்னொரு சாவியால் திறந்து, பாப்பாவை உள்ளே விட்டு, மறுபடி பூட்டுவார். ஏழு மணிக்கு அவர் வந்து திறப்பார். என் டச் போனை வாங்கிக்கொண்டு ஒரு பட்டன் போன் கொடுத்திருந்தார். அதற்கு வெளியிலிருந்து பேசலாம், அதிலிருந்து நான் யாருக்கும் பேச முடியாது.

அடிப்பாரா என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். அடிப்பார். ஆனால் அவர் குடிக்கிறவர் இல்லை, கத்துகிறவர் இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். அதைக் கண்டதுமே பாப்பா தானாக எழுந்து உள்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. முதுகிலும் தோளிலும் ரவிக்கை மறைக்கிற இடமாகப் பார்த்து விழும். முடிந்ததும் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "சாப்பாடு எடுத்து வை" என்பார். குரலில் ஒரு மாற்றமும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கீழே மாமியார் வீட்டில் இருக்கும் என் செருப்பை எடுத்து என் காலடியில் வைப்பார். கோயிலில் இரண்டாவது வரிசையில் உட்காருவோம். பாப்பாவின் கையை அவர் பிடித்திருப்பார். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, சொல்தாவாக இருந்தவர், நல்ல குடும்பம், தங்கமான பிள்ளை, கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் என்னிடமே சொல்வார்கள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

அண்ணனிடம் சொல்லாமல் இல்லை. அவன் ஒருமுறை வந்திருந்தபோது சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னேன். அவன் விரல் விட்டு எண்ணுவது போலக் கேட்டான். "குடிக்கிறாரா?" "இல்ல." "வேற பொண்ணு?" "இல்ல." "அப்புறம் என்னா? எல்லா வீட்லயும் உள்ளதுதான். பொண்ணு வேற இருக்குது." போகும்போது அவர்தான் அண்ணனுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார். இரண்டு பேரும் படியில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

மீன்கார அக்கா வைத்திக்குப்பத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் பக்கம் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். மாமியாருக்குக் கை விரல்கள் மடங்காது என்பதால் இரண்டு வீட்டு மீனையும் நான்தான் கழுவுவேன். மாமியார் கீழே நின்று விலை பேசி முடிப்பார். அக்கா கூடையோடு மேலே ஏறி வந்து கொடுப்பார்.

"என்னாம்மா, எப்பப் பாத்தாலும் பூட்டிக்கினே கெடக்கற? அவ்ளோ பயமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"சாவி கீழ இருக்குதுக்கா."

அவர் பூட்டைப் பார்த்தார். அது அவர் நின்ற பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. வலது கையால் மட்டும் பாத்திரத்தைப் பிடித்திருந்தேன். மீன் விழுந்ததும் எடை தாங்காமல் பாத்திரம் சாய்ந்துவிட்டது. அக்கா படியில் சிதறியதைப் பொறுக்கிக் கழுவித் திரும்பக் கொடுத்தார். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார்.

"யாருக்காவது பேசு."

எனக்கு இரண்டே நம்பர்தான் மனப்பாடம். ஒன்று அவருடையது. இன்னொன்று அண்ணனுடையது. அதைச் சொன்னதும் அக்கா போனை வாங்கிச் செருகிக்கொண்டார். "மீன் மார்க்கெட்டுல அடி வாங்கற பொம்பளைங்களுக்குன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்குது. அதுல நம்பர் போட்டிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. எம்பொண்ண எழுதித் தரச் சொல்றேன்" என்றார்.

வியாழக்கிழமை வந்தார். நம்பர் எழுதிய காகிதம் ஈரமாகி மை கலைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. நான் பேசும்போது அக்கா வேண்டுமென்றே கத்தியைப் படியில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்க நேர்ல வர முடியுமாம்மா?" என்றது.

"முடியாது."

"ஏன்?"

"பூட்டியிருக்கு."

"இப்பவா?"

"இப்பவும்."

கீழேயிருந்து மாமியார், "என்னாடி இவ்ளோ நேரம்?" என்று குரல் கொடுத்தார். "செதில் ஒரிக்கறேம்மா, பொறு" என்று அக்கா அங்கிருந்தே சொன்னார்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் பாதுகாப்பு அதிகாரி வந்தார், ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார், தோளில் ஒரு துணிப்பை. கூட ஒரு பெண் போலீஸ். கீழே மாமியார் அவர்களிடம் சொல்வது எனக்குக் கேட்டது. "சாவி எங்கிட்ட இல்லம்மா. எம்புள்ளகிட்ட இருக்குது. சாயங்காலம் வாங்க."

"அதுவரைக்கும் நிக்க முடியாதும்மா. ஆள் வெச்சு உடைக்க வேண்டியதுதான்" என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை.

மாமியார் படியேறி வந்தார். என்னைப் பார்க்காமல் பூட்டைத் திறந்தார். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி உள்ளே வரவில்லை. மாமியாரைக் கீழே போகச் சொல்லிவிட்டு, மேல்படியில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று தலைப்பு போட்டிருந்தது. என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். உடல் வழி, பாலியல் வழி, சொல் வழி, பொருளாதார வழி என்று பகுதி பகுதியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார். எது நடந்தது, எங்கே நடந்தது, யார் பார்த்தார்கள். யார் பார்த்தார்கள் என்று கேட்டபோதெல்லாம் யாரும் இல்லை என்றேன். பூட்டு எதில் வரும் என்று நான் கேட்டேன். அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "தனியா இதுல இல்ல. கீழ எழுதிக்கலாம்" என்று சொல்லி, மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதினார்.

எழுதி முடித்துவிட்டு, "எங்ககூட வர்றீங்களா? காப்பகம் இருக்கு. பாப்பாவ ஸ்கூல்ல போய்க் கூட்டிக்கலாம்" என்றார்.

நான் எழுந்து நாலு படி இறங்கினேன். செருப்பு கீழே மாமியார் வீட்டில் இருந்தது. மழை விட்டு அடித்த வெயிலில் சிமெண்ட் சுட்டது. படிக்கட்டின் அடியில் மாமியார் நின்றிருந்தார். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த பெண் கையில் ஈரத் துணியோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் எதற்காக ஏங்கினேனோ அது நடந்துகொண்டிருந்தது. நான் திரும்பி மேலே ஏறிவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

"இருக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார் அதிகாரி. "கோர்ட்ல அத எழுதியே வாங்கலாம்."

அதற்குள் மாமியார் போன் பண்ணி அவர் வந்துவிட்டார். வியர்த்திருந்தாலும் சட்டை கசங்கவில்லை. "மேடம், ஏன் படியில உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க. ஜூஸ் எதாவது சாப்பிடறீங்களா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்களுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல மேடம். மாத்திர சாப்பிடறாங்க. எறங்கி எங்கயாவது போயிடுவாங்களோன்னுதான் பூட்டறேன். வெளிய சொல்ற விஷயமா இது?" என்றார். எப்போதோ தூக்கம் வராமல் ஒரு டாக்டரிடம் வாங்கிய மாத்திரைச் சீட்டை அவர் பர்ஸில் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். அது எத்தனை நாளாக அந்தப் பர்ஸில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. அடி விழும்போது வராத பயம் அது.

அதிகாரி சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மனசு சரியில்லன்னாலும் பூட்டக் கூடாது சார்" என்றார்.

அன்று பூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் மனு கோர்ட்டுக்குப் போனது. இலவச சட்ட உதவியில் எனக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். அவருக்கு என்னைப் போல் அன்றைக்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடந்துகொண்டேதான் பேசுவார். நீதிபதி என் மனுவையும், அரசு ஆஸ்பத்திரியில் என் தோளைப் பார்த்து எழுதித் தந்த சீட்டையும் படித்துவிட்டு இடைக்கால உத்தரவு போட்டார். எதிர்மனுதாரர் மனுதாரரை அடிக்கக் கூடாது, அடைத்து வைக்கக் கூடாது, எந்த வழியிலும் பேசவோ தொடர்பு கொள்ளவோ கூடாது, மனுதாரர் குடியிருக்கும் முதல் மாடிக்கு ஏறக் கூடாது. வக்கீலம்மா நடந்துகொண்டே எனக்கு வாசித்துக் காட்டினார். "எந்தக் காரணம் கொண்டும் அந்த வீட்ட விட்டுப் போயிடாத. போயிட்டா திரும்ப நுழையறது கஷ்டம்" என்றார்.

அவர் தன் துணிகளை எடுத்துக்கொண்டு கீழே அம்மா வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து ஒரு படிகூட ஏறவில்லை. உத்தரவில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார்.

படிக்கட்டின் அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதன்பிறகு பாப்பாவை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். எங்களுக்கு இறங்கி வர வேறு வழியில்லை. அவர் காலை மடக்கி வழிவிடுவார், மரியாதையாக. நாங்கள் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்த்துத் தனக்குள் சொல்வது போல, ஆனால் எங்களுக்குக் கேட்கிற மாதிரி, "எட்டு பன்னெண்டு" என்பார். திரும்பி வரும்போது, "எட்டு அம்பத்தாறு." வேறு ஒரு வார்த்தை கிடையாது. கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டார் போலிருக்கிறது. காலையிலும் நாலு மணிக்கும் நாற்காலியில் இருந்தார். நான் கடைக்குப் போனாலும், கோர்ட்டுக்குப் போனாலும் நேரத்தைச் சொன்னார். தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் கீழே இருந்தது. அது பாதி நாள் வேலை செய்யாது.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். "அடிச்சாரா?" "இல்ல." "திட்டினாரா?" "இல்ல. மணி சொல்றாரு." அவர் முதல் முறையாக நின்று என்னைப் பார்த்தார். "அத எப்படிம்மா மனுவுல எழுதறது?" என்றார்.

வாய்தா மேல் வாய்தாவாக மழை போய் வெயில் வந்தது. பூட்டில்லாத கேட்டுக்குள் நான் முன்னைவிட அதிகமாக உள்ளேயே இருக்கத் தொடங்கினேன். இரண்டு முறை இறங்க வேண்டிய வேலையை ஒரு முறையாக்கினேன். தீப்பெட்டி தீர்ந்தால் மறுநாள் காலை வரை காத்திருந்தேன். முன்பு அவர் வேலைக்குப் போன பிறகாவது வீடு என்னுடையதாக இருந்தது. இப்போது தரைக்குக் கீழே எந்த நேரமும் அவர் இருமுவது, டம்ளர் வைப்பது, நாற்காலியை இழுப்பது எல்லாம் கேட்டது. நான் நடக்கிற சத்தமும் அவருக்குக் கேட்கும் என்று நினைத்து மெதுவாக நடந்தேன்.

மாமியார் ஒரே ஒரு முறை மேலே வந்தார். என் கணவர் டூட்டிக்குப் போயிருந்த நேரம். நாலு தோசையும் சட்னியும் மூடி எடுத்து வந்திருந்தார். கேட்டுக்கு வெளியேவே நின்றார்.

"கேஸ வாபஸ் வாங்கிடு. நானே அவங்கிட்ட சொல்லிப் பூட்டாம பாத்துக்கறேன்."

"அப்ப ஏன் அத்த சொல்லல?"

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நானும் அந்த வீட்லதான இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து இறங்கினார். அந்தக் கீழ்வீட்டில் அவர் எப்படி இருக்கிறார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

குறுக்கு விசாரணை அன்று என் கணவருடைய வக்கீல் என்னிடம் நிதானமாகக் கேட்டார். வீடு மாமியார் பேரில் இருப்பது தெரியுமா, மாத்திரை சாப்பிட்டது உண்மையா. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு, "ஒவ்வொரு ஞாயிறும் கோயிலுக்குப் போனீங்க. ஃபாதர் இருந்தாரு. நூறு பேர் இருந்தாங்க. ஒருத்தர்கிட்டகூட ஏன் சொல்லல?"

கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் எதிரே கை கட்டி நின்றிருந்தார்.

"பாப்பா கை அவர் கையில இருந்துச்சு" என்றேன்.

டைப் செய்கிற பெண், "அதை அப்படியேவா சார்?" என்று கேட்டாள். நீதிபதி, "அப்படியே" என்றார்.

"நாற்காலியில உக்கார்றது வன்முறையா? மணி பாக்கறது வன்முறையா?" என்று வக்கீல் தொடர்ந்தார்.

"தெரியல சார்" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாய்தாவில் மீன்கார அக்கா சாட்சி சொல்ல வந்தார். ஒருநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சேலையில் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. அதிகாரி வைத்திக்குப்பத்துக்கே போய்க் கேட்டிருக்கிறார்.

"நீங்க எத்தன வீட்டுக்கு மீன் குடுக்கறீங்க?" என்றார் என் கணவருடைய வக்கீல்.

"அம்பது இருக்கும் சார்."

"அம்பது வீட்ல இந்த வீட்டுப் பூட்டு மட்டும் எப்படி ஞாபகம் இருக்குது?"

"மத்த வீட்ல கதவத் தொறந்து வாங்கறாங்க சார்."

"அவங்களே பாதுகாப்புக்குப் பூட்டியிருக்கலாம் இல்லையா?"

"பூட்டு எம்பக்கம் தொங்குச்சு சார்" என்றார் அக்கா. "சாவி இருந்தா நானே தொறந்திருப்பேன்."

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடு, பஸ்ஸு போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

அந்த வாரம் ஒரு மாலை, பாப்பாவுக்கு நோட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். வழியில் அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி நின்று பேசினாள். பாப்பா என் கையை இழுத்தாள். "அம்மா, வா. இருவத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு. அப்பா சொல்லுவாங்க." அவள் கையில் கடிகாரம் இல்லை. மனதுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்குள் வந்ததும் கவனித்தேன். அவளும் நுனிக்காலை ஊன்றி மெதுவாக நடந்தாள்.

அடுத்த முறை கோர்ட்டில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது நீதிபதி நேராக என்னிடம், "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

"அந்த வீடு வேணாம் சார்" என்றேன்.

வக்கீலம்மா என் முந்தானையை இழுத்தார். நாங்கள் மனுவில் கேட்டிருந்ததே அந்த வீட்டில் இருக்கும் உரிமையைத்தான். அவருடைய வக்கீல் எழுந்து, "அவங்களே வேணாங்கறாங்க யுவர் ஆனர்" என்றார். நீதிபதி அவரைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

"ஏன் வேணாம்?"

நான் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. பாப்பா எண்ணுவதைச் சொன்னேன். சொல்லும்போது அவர் பக்கம் பார்த்தேன். அவர் முகம் எப்போதும் போல அமைதியாகத்தான் இருந்தது. கைகளை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்.

வக்கீலம்மா சுதாரித்துக்கொண்டு எழுந்தார். அதே சட்டத்தில் மாற்று இருப்பிடம் கேட்கவும் வழி இருக்கிறது என்று பிரிவைச் சொன்னார். அதற்கும் தனியாக ஒரு மனு, அதற்கு ஒரு பதில் மனு, மூன்று வாய்தா. அத்தனை நாளும் நாங்கள் அந்த நாற்காலியைத் தாண்டித்தான் போய்வந்தோம்.

இறுதி உத்தரவு வந்த நாளில் எனக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். எங்களுக்கு அவர் தனி வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வீடு, பாப்பாவின் ஸ்கூல், நான் வேலை செய்யும் இடம் எதன் அருகிலும் வரக் கூடாது. வக்கீலம்மா என் தோளைத் தட்டினார். கோர்ட் வாசலில் ஒரு டீ குடித்தேன். பிறகு பஸ் பிடித்து மூலக்குளம் வந்து அதே படியில் ஏறினேன். சாமான் கட்ட இன்னும் பத்து நாள் ஆனது.

இப்போது ஊருக்குள் உப்பளம் என்கிற பகுதியில் இருக்கிறோம். ஒரு ரூம், ஒரு சமையல் மேடை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலை எனக்கு. நோயாளிகள் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் முதலில் எனக்கு நாக்கு எழாது. இப்போது பரவாயில்லை. அண்ணன் ஒருமுறை வந்தான், சுற்றிப் பார்த்தான், "காத்து வருதே" என்றான்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், ஜன்னல் வழியே பார்த்தபோது எதிர்ச்சாரியில் அவர் நின்றிருந்தார். ஒரு சுவரில் சாய்ந்து, எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு. பாப்பா தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் ஜன்னலை விட்டுத் தள்ளி நின்று போலீசுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். வயசானவர். வாசலில் நின்று, "ஆர்டர் காப்பி இருக்குதாம்மா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தார். அந்த நேரம் முழுக்க என் கணவர் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தார்.

கான்ஸ்டபிள் ரோட்டைத் தாண்டிப் போனார். பேசியது கேட்டது.

"சார், நீங்க இங்க நிக்கக் கூடாது."

"பஸ்ஸுக்கு நிக்கறேன் சார்."

"இங்க பஸ் நிக்காது. ஆர்டர மீறினா கேஸாயிடும், உள்ள போக வேண்டியிருக்கும். கம்பெனில வேல பாக்கறீங்க, பாத்துக்கங்க."

அவர் ஒருமுறை ஜன்னலைப் பார்த்தார். பிறகு நடந்தார். தெரு முனை வரைக்கும் நிதானமாகத்தான் நடந்தார். கான்ஸ்டபிள் திரும்பி வந்து என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். "மறுபடி வந்தா ஒடனே கூப்புடுங்க" என்றார்.

இறுதி உத்தரவை எதிர்த்து அவர் அப்பீல் போட்டிருக்கிறார். அது இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கிளினிக்கில் லீவு சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரவு ரத்தானால் என்ன செய்வது என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "அப்ப பாத்துக்கலாம்" என்றார், நடந்துகொண்டே.

அந்தச் சனிக்கிழமை கான்ஸ்டபிள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பாப்பா தலையைத் தூக்கி, "யாரும்மா வந்தது?" என்று கேட்டாள். சொன்னேன். மறைக்கவில்லை. அவள் பென்சிலைக் கடித்தாள்.

"போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"திங்கக்கிழம சார்ட் பேப்பர் கொண்டு போகணும், மஞ்ச கலர்" என்றாள்.

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் முதலில் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். மஞ்சள் கலர் அந்தக் கடையில் இல்லை. இன்னும் கொஞ்ச தூரம் நடந்து வேறு கடைக்குப் போனோம்.